வேலை விவரம்

கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டி
மூன்றாவது வளைவில் குரியச்சனின் ஏலத்தோட்டம்.
ஆள்பதிவு எழுதுவது நான்.
பெயர், நாள், வேலை விவரம், கூலி.
பதினொரு வருடத்தில் மூன்றாவது பத்தி
என்னை ஒரு தடவையும் யோசிக்க வைத்ததில்லை.
களையெடுப்பு. கவாத்து. மருந்தடிப்பு. காயெடுப்பு.
மறுபடி களையெடுப்பு.

போன வருடம் மேல்சரிவில்
தரையோடு தரையாகச் சரம் ஓடிப் பூத்தது.
வெள்ளை உதடு, நடுவில் ஊதாக் கீற்று.
ஏலப்பூவுக்கு ஆயுசு ஒரு பகல்.
அந்தப் பகலில் ஒருவரும் வரவில்லை.
காய் பிடிக்காத சரங்களை
துடைப்பக்குச்சி மாதிரி அள்ளிப்போட்டோம்.

நாற்பது தேன்பெட்டி வந்து இறங்கியது,
இறக்குகூலி தனி.
மழைக்காலம் முழுக்க நல்ல இரைச்சல்.
மாசி மாதம் மூடியைத் திறந்தால்
அடை மேல் எறும்பு போய்க்கொண்டிருந்தது.
சீக்கு என்றார் ஒருவர். மருந்து என்றார் ஒருவர்.
காலிப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியபடி
சிலம்பாயி கேட்டாள்:
"தோட்டம் பூக்காத மாசம் இதுக என்னத்தத் தின்னுச்சு?
வேல இல்லாத மாசம் நாங்க வட்டிக்கு வாங்குறோம்.
இதுக யார்கிட்டப் போய் நிக்கும்?"

குரியச்சன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் ஓடைக்கரையைக் காட்டி
"இனி அவிடெ வெட்டண்டா" என்றார்.
கானாவாழை, அப்பக்கொடி, தொட்டாச்சிணுங்கி,
பாறை இடுக்கில் நனைந்து நிற்கும் காசித்தும்பை,
எதையும்.

"அப்ப எங்க கூலி?" என்றாள் மாயக்காள்.
அதுதானே.
அன்று சாயங்காலம் மூன்றாவது பத்தியில்
'களை எடுக்காதது, ஆறு ஆள்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்தது அசிங்கமாக இருந்தது, தாளை மாற்றினேன்.

கை சும்மா இருக்காது.
இருபது வருடம் அரிவாள் பிடித்த கை,
பேச்சுவாக்கில் ஒரு தும்பையை அறுத்துவிட்டு
மாயக்காள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
திரும்ப மண்ணில் நட்டு, விரலால் அமுக்கினாள்.
நான் பார்த்தேன். எழுதவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விதை சேர்த்தார்கள்,
திராட்சைத் தோட்டத்து வேலியோரம்,
சுருளியாற்று மேடு, சுடுகாட்டுப் பாதை.
படி கணக்கில் பணம்.
திங்கள் காலை ஜீப்பில் மூட்டையைப் பார்த்ததும்
போலீஸ்காரர் மூக்கைச் சுளித்து மோந்தார்.
நம்ம ஊர்ப் பேர் அப்படி.
"எந்தா இது?"
"களை சார்."
"களையா?"
"களை விதை. விதைக்கப் போறோம்."
அடுத்த ஜீப்பிலிருந்தவர்களையும் கூப்பிட்டு
அவர் எங்களைக் காட்டினார்.

இப்போது காலை ஏழு மணிக்கு
ஆளுக்கொரு தட்டை முன்னால் குத்தவைத்து
வந்துபோகிறவற்றை எண்ணுகிறார்கள்.
ஒன்றுக்கு ஒரு சோளம், மடியில்.
எண்ணிக்கை கூடினால் வேலை நிலைக்கும் என்று
யாரும் கூடுதலாய்ச் சோளம் போடுவதில்லை,
அப்படித்தான் நம்புகிறேன்.
புதன்: முப்பத்தொன்று.
வியாழன்: பக்கத்துத் தோட்டத்தில் மருந்து, மேகாற்று. நாலு.
வெள்ளி: நாலு.
சனி: மழை.

இன்று அடுக்குத்தேனீ பத்தொன்பது, கொசுத்தேனீ ஆறு,
அப்புறம் வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒன்று.
ஓடைக்கரைத் தும்பையிலிருந்து நேராக வந்து
அடிச்சரத்துப் பூவுக்குள் தலை விட்டது என்று
ஆறு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.
எந்தப் பத்தி அதற்கு?
பெயர்: நீலக்கோட்டுக்காரி.
நாள்: கால்.
வேலை விவரம் எழுதிவிட்டேன், அது சுலபமாக வந்தது.
கூலிப் பத்தியில் பேனா நிற்கிறது.
கீழே ஜீப் ஹாரன் அடிக்கிறான்,
ஆறு மணிக்குள் மலை இறங்க வேண்டும்.